கூத்துக் கலைஞருக்குப் புற்றுநோய், காப்பீடு இல்லை: கடன் வாங்கும் முன்

கூத்தாடும் அப்பாவுக்குப் புற்றுநோய், காப்பீடு இல்லை, வட்டிக்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இப்போதும் சேரலாம். நோய் முன்பே வந்திருப்பது தடையில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும்.

வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான்: கூத்து நோட்டீஸில் மேடைப் பெயர், ஆதாரில் வேறு, ரேஷன் கார்டில் இனிஷியலே இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை ஆதார்ப் பெயரிலேயே போடச் சொல்லுங்கள்.

திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியா என்று பாருங்கள். சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டத்தின் முன் அனுமதி வரும்முன் பணம் கட்டாதீர்கள்; கட்டியதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை வேறு, காப்பீட்டு அட்டை வேறு; அதை நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.