பேரன் குற்றவாளியா?

கேள்வி: இரண்டாம் உலகப் போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹிட்லரின் ஆட்கள் செய்த கொலைகளுக்காக இன்றைய ஜெர்மானியர்கள் இன்னும் ஏன் தலைகுனிய வேண்டும்? தாத்தா செய்ததற்குப் பேரனைக் குற்றவாளி ஆக்குவது நியாயமா?

பதில்: நியாயமில்லை. பேரன் குற்றவாளி அல்ல. இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஒருவர் செய்ததற்குக் குடும்பத்தையே தண்டிப்பது நாஜிகளின் வழக்கம். 1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்ல முயன்ற ஜெர்மன் ராணுவ அதிகாரி ஸ்டாஃபன்பெர்க்கைச் சுட்டுக் கொன்றதோடு அவர்கள் நிற்கவில்லை. கர்ப்பிணியாக இருந்த மனைவியைச் சிறையில் அடைத்தார்கள். பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய், குடும்பப் பெயரையும் மாற்றி, ஒரு விடுதியில் வைத்தார்கள். அந்த வழக்கம் நமக்கு வேண்டாம்.

'எல்லோருமே குற்றவாளிகள்' என்று சொல்வதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உண்மையான கொலைகாரன் அந்தக் கூட்டத்துக்குள் சுலபமாக ஒளிந்துகொள்வான். யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகளுக்காக வேலை பார்த்த பலர் போருக்குப் பின் சாதாரணமாக வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அரசு வழக்கறிஞர் ஃப்ரிட்ஸ் பவர் பிடிவாதமாக நின்றதால்தான் 1963இல் பிராங்க்பர்ட்டில் அவர்களில் 22 பேர் மீது, பெயர் பெயராக, விசாரணை தொடங்கியது.

சரி, குற்றம் இல்லை என்றால் பொறுப்பும் இல்லையா? இங்கேதான் உங்களோடு முரண்படுகிறேன். தத்துவப் பேராசிரியர் கார்ல் யாஸ்பர்ஸ் 1946லேயே இரண்டையும் பிரித்துச் சொன்னார். மனைவி யூதர் என்பதற்காக நாஜிகளால் வேலையிலிருந்து விரட்டப்பட்டவர் அவர். சட்டப்படியான குற்றம், அதைச் செய்தவனோடு நின்றுவிடும். ஆனால் ஓர் அரசு செய்ததன் விளைவுகளைச் சுமப்பதில் அதன் குடிமக்கள் யாரும் விலகிக்கொள்ள முடியாது என்றார்.

வில்லி பிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்லரை எதிர்த்து 19 வயதிலேயே நார்வேக்குத் தப்பிப் போனவர். அவர் கையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அப்படிப்பட்டவர் 1970 டிசம்பர் 7 அன்று, போலந்தின் தலைநகர் வார்சாவில் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவுச்சின்னத்துக்கு முன் ஈரத் தரையில் மண்டியிட்டார். மேற்கு ஜெர்மனியின் பிரதமர் என்ற பெயரோடு போனதால், அந்தப் பெயரில் நடந்ததையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். அப்போது நடந்த கருத்துக்கணிப்பில், இது தேவைக்கு மீறியது என்று அவர் நாட்டிலேயே 48 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்கள் கேட்டதும் உங்கள் கேள்விதான்.

தலைகுனிவதை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். போர்க்காலத்தில் லட்சக்கணக்கானவர்களைப் பிடித்து வந்து அடிமைகளாக வேலை வாங்கிய நிறுவனங்களில் பல இன்றும் நடக்கின்றன. அவற்றின் சொத்துக்கு வாரிசு இருக்கும்போது கடனுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? 2000இல்தான் ஜெர்மன் அரசும் நிறுவனங்களும் பாதிக்குப் பாதி போட்டு 1,000 கோடி மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) ஒதுக்கின. 16 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணம் போனது. அதற்குள் 55 ஆண்டுகள் ஓடிவிட்டன. காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள். 80 ஆண்டுகள் போதாதா என்கிறீர்கள். எனக்கு ஆத்திரம் எல்லாம் அந்த 55 ஆண்டுகள் மேல்தான்.