பணியிடம் போகிறது, அடுத்து என்ன? ஐ.நா. ஊழியர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐ.நா.வின் செலவையும் அமைப்பையும் சீரமைக்கும் யு.என்.80 சீர்திருத்தம் 2025 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து ஊழியர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே கவலையைச் சுற்றி வருகின்றன: பணியிடம் போனால் என்ன செய்வது? கீழே உள்ள பதில்கள் ஐ.நா. தலைமைச் செயலகத்தின் பணியாளர் விதிகளையும் ஐ.நா. கூட்டு ஓய்வூதிய நிதியத்தின் விதிகளையும் ஒட்டியவை. உலக சுகாதார நிறுவனம் போன்ற சிறப்பு முகமைகளுக்குத் தனி விதிப்புத்தகம் உண்டு. அங்கே இருப்பவர்கள் நாட்கணக்கையும் தொகையையும் தங்கள் புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது குறித்த கால நியமனம், டிசம்பர் 31-ல் முடிகிறது. அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. இழப்பீடு கிடைக்குமா?

கடிதம் சொல்வது அவ்வளவுதான் என்றால், கிடைக்காது. காலம் முடிந்து நியமனம் தானாக நிற்பது ஒன்று. காலம் முடியும் முன்பே நிர்வாகம் அதை நிறுத்துவது வேறொன்று. இழப்பீடு இரண்டாவதற்கு மட்டுமே. எத்தனை முறை நீட்டித்திருந்தாலும், அடுத்த முறையும் நீட்டிப்பார்கள் என்று எதிர்பார்க்க உரிமை இல்லை என்பது விதியிலேயே இருக்கிறது.

ஆனால் கடிதத்தில் உள்ள கடைசி வேலைநாள் டிசம்பர் 31-க்கு முந்தைய தேதியா என்று பாருங்கள். முந்தையது என்றால் அது பணிநிறுத்தம், கணக்கே மாறிவிடும். ஆறு ஆண்டுக்குக் குறைவான சேவை உள்ளவருக்கு, மீதமிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வார ஊதியம். குறைந்தது ஆறு வாரம், அதிகபட்சம் மூன்று மாதம். நான்கு மாதம் மீதி இருந்தாலும் ஆறு வாரம் கிடைக்கும். எட்டு மாதம் மீதி என்றால் எட்டு வாரம். பதினான்கு மாதம் மீதி இருந்தாலும் மூன்று மாதத்தோடு நின்றுவிடும். சேவை ஆறு ஆண்டைத் தொட்டதும் வேறு அட்டவணை: ஒன்பது ஆண்டுக்கு ஒன்பது மாத ஊதியம், பதினைந்து ஆண்டும் அதற்கு மேலும் பன்னிரண்டு மாதம். பணிநிறுத்தத்துக்கான முன்னறிவிப்பு குறித்த கால நியமனத்துக்கு 30 நாள், முடிவுத் தேதி இல்லாத தொடர் நியமனத்துக்கு மூன்று மாதம்.

நிர்வாகமும் ஊழியரும் ஒப்புக்கொண்டு பிரியும் ஏற்பாட்டில் இந்தத் தொகையை 50 விழுக்காடு வரை கூட்டித் தர இடமிருக்கிறது. அதற்குப் பதிலாக, முடிவை எதிர்த்து வழக்காட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மறுபடி ஐ.நா.வில் சேர்வது பற்றிய நிபந்தனையும் அதே தாளில் இருக்கலாம். முழுவதும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

முடிவு அநியாயம் என்று நினைக்கிறேன். முதலில் ஆம்பட்ஸ்மேனிடம் பேசிப் பார்க்கலாமா?

ஊழியர் குறைகளைச் சமரசமாகத் தீர்க்க உதவும் நடுநிலை அலுவலர்தான் ஆம்பட்ஸ்மேன். பேசலாம், பல நேரம் அதுவே நல்ல வழி. ஆனால் பேச்சு நடக்கும்போதும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முடிவு எழுத்தில் கைக்கு வந்ததிலிருந்து 60 நாட்காட்டி நாளுக்குள் நிர்வாக மறு ஆய்வுக்கு மனு போட வேண்டும். ஆம்பட்ஸ்மேன் வழியாகச் சமரசம் நடக்கிறது என்பதற்காகக் கெடு நீட்டிக்கப்படலாம், அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறு ஆய்வின் பதில் நியூயார்க் ஊழியர்களுக்கு 30 நாளிலும் மற்ற இடங்களில் உள்ளவர்களுக்கு 45 நாளிலும் வர வேண்டும். அதன் பிறகு ஊழியர் வழக்குகளை விசாரிக்கும் ஐ.நா. தீர்ப்பாயத்துக்குப் போக 90 நாள் அவகாசம்.

மனுவில் எதைச் சொன்னால் நிற்கும்? நீட்டிப்பதாக எழுத்தில் தந்த உறுதியான வாக்கு, அல்லது நிர்வாகம் சொன்ன காரணம் உண்மைக்குப் பொருந்தாதது. நிதி இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டு அதே வேலைக்கு அடுத்த மாதம் விளம்பரம் வந்தால், அந்த விளம்பரத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். நன்றாக வேலை செய்தேன், மனம் புண்பட்டது என்பவை உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அவற்றை மட்டும் வைத்து மனு நிற்காது. ஊழியர் சட்ட உதவி அலுவலகம் கட்டணம் வாங்குவதில்லை. கடிதம் வந்த வாரமே அவர்களை அணுகுங்கள். ஐம்பத்தைந்தாவது நாள் போனால் அவர்களாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

பிரிவுத் தலைவராக இருக்கிறேன். என் குழுவில் சில பணியிடங்கள் போகப் போகின்றன. எப்படிச் சொல்வது?

ஒவ்வொருவரிடமும் தனியாக, நீங்களே, ஒரே நாளில் சொல்லுங்கள். காலையில் ஒருவருக்கும் மறுநாள் இன்னொருவருக்கும் சொன்னால், நடுவே உள்ள இரவில் மொத்த அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும். தொலைவில் வேலை செய்பவரிடம் கேமராவை ஆன் செய்து பேசுங்கள். வெள்ளி மாலை வேண்டவே வேண்டாம். கேள்வி கேட்க ஆளில்லாமல் அவர் இரண்டு நாள் தவிப்பார்.

உட்காரும் முன் நான்கு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: கடைசி வேலைநாள், நியமனத்தின் வகை, அவருக்குக் கிடைக்கக்கூடிய தொகைக்கு மனிதவளப் பிரிவு தந்த மதிப்பீடு, அடுத்து அவர் பேச வேண்டிய ஆளின் பெயர். ஓய்வூதியத்துக்கான ஐந்து ஆண்டோ, ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவக் காப்பீட்டுக்கான பத்து ஆண்டோ (இரண்டும் கீழே விளக்கப்பட்டுள்ளன) அவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் முன்பே கேட்டு வையுங்கள். சில வாரத் தற்காலிக நீட்டிப்பு அவரை அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கலாம். மேலாளரால் செய்ய முடிந்த உதவிகளில் இதைவிடப் பெரியது அபூர்வம்.

பேச்சை நேராகத் தொடங்குங்கள்: "உங்கள் பணியிடம் ஜூன் 30-க்குப் பிறகு இல்லை. இது உங்கள் வேலைத்திறனைப் பற்றிய முடிவு இல்லை." பிறகு நிறுத்துங்கள். அந்த மௌனத்தை நிரப்பத்தான் பல மேலாளர்கள் "ஏதாவது பார்க்கலாம், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்டவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் எங்கும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவார். கையில் இல்லாததைக் கொடுக்காதீர்கள். அதிர்ச்சியில் பாதி காதில் விழாது என்பதால் பேசியதை அன்றே மின்னஞ்சலில் அனுப்பி, இரண்டு நாள் கழித்து இன்னொரு சந்திப்புக்கும் நேரம் குறித்து வையுங்கள். முக்கியமான கேள்விகள் இரண்டாவது சந்திப்பில்தான் வரும்.

யாரை வைத்துக்கொள்வது என்பதில் மேலாளரின் விருப்பத்துக்கு எல்லை உண்டு. பொருத்தமான பணியிடம் இருந்தால் தொடர் நியமனத்தில் உள்ளவர்களை முதலில் தக்கவைக்க வேண்டும்; குறித்த கால நியமனத்தினர் அதற்குப் பின்னால். திறன், நேர்மை, சேவைக்காலம் மூன்றும் பார்க்கப்படும். அதனால் எல்லோருடைய வருடாந்திர மதிப்பீட்டையும் இப்போதே முடித்துப் பதிவேற்றுங்கள். மதிப்பீடு இல்லாத ஊழியரை ஒப்பிடவும் வழியில்லை, வேறு பிரிவுக்குப் பரிந்துரைக்கவும் வழியில்லை.

நான்கு ஆண்டு எட்டு மாதம் ஆகிறது. வெளியே நல்ல வேலை கிடைத்திருக்கிறது. உடனே விலகினால் ஓய்வூதியத்தில் என்ன இழப்பு?

நிறைய. புதிய முதலாளியிடம் நான்கு மாதம் கேட்டுப் பாருங்கள்.

மாதாமாதம், ஓய்வூதியக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் ஊதியத்தில் 7.9 விழுக்காடு நீங்களும் 15.8 விழுக்காடு நிறுவனமும் செலுத்துகிறீர்கள். ஐந்து ஆண்டுக்கு முன் விலகினால் உங்கள் பங்கும் அதற்கான வட்டியும் மட்டும் கைக்கு வரும். ஐந்து ஆண்டு முடிந்துவிட்டால் வயது வந்தபின் வாழ்நாள் ஓய்வூதியம் பெறும் உரிமை வருகிறது. 2014 ஜனவரி 1-க்குப் பிறகு நிதியத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்த வயது 65; 1990 முதல் 2013 வரை சேர்ந்தவர்களுக்கு 62. ஐந்து ஆண்டுக்குப் பிறகும் மொத்தமாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. ஐந்துக்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்தத் தொகை 10 விழுக்காடு கூடும், பதினைந்தாம் ஆண்டில் இரட்டிப்பாகும். அப்போதும் நிறுவனம் உங்களுக்காகச் செலுத்திய முழுப் பங்கும் அதில் சேர்வதில்லை.

காத்திருக்க முடியாதென்றால், விலகிய கையோடு பணத்தை எடுக்காதீர்கள். பணத்தை எப்படிப் பெறுவது என்ற முடிவை 36 மாதம் வரை தள்ளி வைக்கலாம். பணம் எதுவும் வாங்காமல் அதற்குள் நிதியத்தின் உறுப்பு நிறுவனம் ஒன்றில் மறுபடி சேர்ந்தால் பழைய சேவையோடு தொடரும். உலக வங்கியும் ஐ.எம்.எஃப்.-பும் இந்த நிதியத்தின் உறுப்பினர்கள் இல்லை. அங்கே போகிறவர்களுக்குத் தனி மாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. ஊதியமில்லா விடுப்பு எடுத்து ஐந்து ஆண்டை நிரப்ப நினைப்பவர்கள் கவனிக்க: இரு தரப்புப் பங்கையும் சேர்த்து 23.7 விழுக்காடும் செலுத்தப்பட்டால்தான் அந்த மாதங்கள் கணக்கில் வரும்.

இன்னொரு ஐ.நா. முகமையில் வேலை கிடைத்துள்ளது. இடமாற்றமா, செகண்ட்மென்ட்டா, லோனா என்று கேட்கிறார்கள்.

இடமாற்றம் என்றால் விடுப்பு, சேவைக்காலம் எல்லாம் கூடவே வரும். பழைய இடத்துக்குத் திரும்பும் உரிமை கிடையாது. செகண்ட்மென்ட்டில் குறித்த காலத்துக்குப் பிறகு திரும்பும் உரிமை உண்டு. லோனில் நீங்கள் பழைய நிறுவனத்தின் ஊழியராகவே இருந்து அங்கே வேலை செய்கிறீர்கள். ராஜினாமா கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்வதை மட்டும் தவிருங்கள். இடமாற்றத்தில் தொடரும் பலவும் அதில் அறுந்துவிடும்.

ஐ.நா.வின் வேலைவாய்ப்புத் தளமான இன்ஸ்பிராவில் எத்தனையோ விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஓர் அழைப்புகூட இல்லை.

ஒரே சுயவிவரத்தை எல்லா இடத்துக்கும் அனுப்புகிறீர்கள் என்று படுகிறது. முதல் வடிகட்டலில் உங்கள் திறமையை யாரும் எடைபோடுவதில்லை. பட்டம், அனுபவ ஆண்டுகள், மொழி ஆகிய மூன்றும் விளம்பரத்தோடு பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்ப்பார்கள். தொழில்முறைப் பணி நிலைகளில் பி-3 என்றால் ஐந்து ஆண்டு, பி-4 என்றால் ஏழு, பி-5 என்றால் பத்து என்பது வழக்கமான அளவு. ஒரு வேலையின் தொடக்க மாதத்தைத் தவறாகப் பதிந்ததாலேயே நான்கு ஆண்டு பதினோரு மாதமாகி வெளியேறியவர்கள் உண்டு. ஒவ்வொரு பணிக்கும் மாதம், ஆண்டு, முழுநேரமா பகுதிநேரமா என்பதைச் சரிபாருங்கள்.

அடுத்து, விளம்பரத்தின் பொறுப்புகள் பகுதியை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே நீங்கள் செய்த ஒரு வேலையை எழுதுங்கள். எதிரே எழுத ஒன்றுமில்லாத வரிகள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த விளம்பரத்தை விட்டுவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு பொருத்தமான விண்ணப்பம் போதும். "ஒருங்கிணைப்பில் உதவினேன்" என்பது எதையும் சொல்லாது. எத்தனை நாடுகளின் அறிக்கைகள், எவ்வளவு பட்ஜெட், கடைசியில் என்ன மாறியது என்று எழுதுங்கள். கெடு நியூயார்க் நேரப்படி என்பதையும் கடைசி நாளில் தளம் மந்தமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேர்காணலுக்கு, விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு உண்மைச் சம்பவங்களைத் தயார் செய்யுங்கள். சூழலுக்கு அரை நிமிடம், நீங்கள் செய்ததற்கு இரண்டு நிமிடம், விளைவுக்கு அரை நிமிடம். நம்மவர்களை இங்கே தடுக்கி விழவைப்பது பணிவு. "நாங்கள் செய்தோம்" என்றே முழுக்கச் சொன்னால் குழுவுக்குத்தான் மதிப்பெண், உங்களுக்கு இல்லை. தேர்வாகாவிட்டாலும், தகுதி பெற்றவர்களின் பட்டியலான ரோஸ்டரில் பெயர் ஏறியதா என்று கேளுங்கள். ஏறியிருந்தால் அதே வகை, அதே நிலை வேலைக்கு மறு தேர்வு இல்லாமலே எடுக்க முடியும். அந்தத் தகவலை மேலாளர்களிடம் நீங்களே தெரிவிக்க வேண்டும்.

மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மாற்றத்தில் உள்ள ஊழியர்களுக்கு ஒரே ஒரு உதவிக்குத்தான் பணம் இருக்கிறது. எதைத் தேர்வு செய்யலாம்?

தனித்தனி மாதிரி நேர்காணல். ஒருவருக்கு 45 நிமிடம், அவர் விண்ணப்பித்துள்ள விளம்பரத்தை வைத்தே, உடனடிக் கருத்தோடு. நூறு பேருக்கான மனவலிமை வெபினார் வேலை தேடும் திறனைக் கூட்டாது. வேலை நேரத்தில் வாரம் அரை நாள் தேடலுக்கு ஒதுக்க மேலாளர்களைச் சம்மதிக்க வையுங்கள். அதற்குப் பணமே தேவையில்லை. ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறோம். கிளம்பும் முன் எதைக் கட்டாயம் முடிக்க வேண்டும்?

முதலில் விசா. உங்கள் பணியோடு சேர்ந்தே குடும்பத்தின் தங்கும் உரிமையும் முடியும். எத்தனை நாள் சலுகை என்பது அந்த நாட்டின் விதி. எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பிள்ளைகளின் பள்ளித் தேதியை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவக் காப்பீட்டுக்கு, 2007 ஜூலை 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர் 55 வயதும் பத்து ஆண்டு சந்தாவும் முடித்திருக்க வேண்டும். பணி முடிந்த 31 நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும். மீதமுள்ள வருடாந்திர விடுப்பில் 60 நாள் வரை பணமாகும், தற்காலிக நியமனத்தில் 18 நாள். நாடு திரும்பும் மானியத்துக்கு ஐந்து ஆண்டு வெளிநாட்டுச் சேவை வேண்டும். கடைசியாகப் பணியாற்றிய நாட்டை விட்டு வேறு நாட்டில் குடியேறியதற்கான சான்றோடு இரண்டு ஆண்டுக்குள் கேளுங்கள்.

அலுவலக மின்னஞ்சல் மூடப்படும் முன் இன்ஸ்பிரா கணக்கையும் ஓய்வூதிய நிதியத்தின் உறுப்பினர் கணக்கையும் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் திறக்க முடியாத பெட்டிக்குப் போய்ப் பல மாதம் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். மதிப்பீட்டு அறிக்கைகள், நியமனக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். ஓய்வூதிய நிதியத்துக்கு மூன்று தாள் போக வேண்டும்: நிறுவனம் அனுப்பும் பிரிவு அறிவிப்பு, பணிநிறைவு ஆணை, நீங்கள் கையெழுத்திட்ட பணப்பட்டுவாடாப் படிவம். முதல் இரண்டும் போய்ச் சேர்ந்தனவா என்று கடைசி வாரத்தில் மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கோப்பு நகராது.