தம்பதி ஆய்வுத் தரவு: 120 பேரைத் தனித்தனியாக எண்ணலாமா?

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் 60 மீனவத் தம்பதிகளிடம் மன அழுத்தம், மணவாழ்வு நிறைவு இரண்டையும் கேட்டு, 120 பேரையும் தனித்தனி ஆளாக வைத்து ரிக்ரஷன் (ஒரு மாறியை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் முறை) போட்டிருக்கிறீர்கள். ஆய்வு வழிகாட்டி ஏற்கவில்லை என்கிறீர்கள். அவர் சொல்வது சரிதான்.

ஒரே வீட்டில் வாழும் இருவரின் பதில்கள் பெரும்பாலும் ஒட்டியே வரும். அப்படி வரும்போது, குடும்ப வருமானம் போல இருவருக்கும் பொதுவான மாறி என்றால் பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பு) பொய்யாகச் சிறுத்துவிடும், இல்லாத தொடர்பு இருப்பதுபோலத் தெரியலாம். கணவன் மனைவி வித்தியாசத்தைப் பார்த்தால் நேர் எதிர், இருக்கிற வித்தியாசமே கண்ணுக்குத் தப்பலாம். இருவர் மதிப்பெண்ணையும் சராசரி எடுத்து 60 ஆக்கிவிடு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், யாருடைய அழுத்தம் யாரைப் பாதிக்கிறது என்ற உங்கள் கேள்வியே அதில் போய்விடும்.

உளவியலாளர் டேவிட் கென்னி முதலானோர் வளர்த்தெடுத்த ஆக்டர்-பார்ட்னர் மாடல் இதற்குத்தான். மனைவியின் நிறைவில் அவருடைய அழுத்தத்தின் பங்கு, கணவருடைய அழுத்தத்தின் பங்கு இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கும்.

ஆளுக்கு ஒரு வரி வையுங்கள், துணையின் மதிப்பெண்ணையும் அதே வரியில் சேருங்கள். அப்புறம் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் மிக்ஸட் மாடலில் (ஒட்டி வரும் பதில்களையும் கணக்கில் எடுக்கும் முறை) ரிப்பீட்டட் பகுதியில் பாலினம், கோவேரியன்ஸ் வகைக்கு ஹெட்டரோஜீனியஸ் காம்பவுண்ட் சிமெட்ரி (கணவர், மனைவி பதில்களின் சிதறல் வேறுபடலாம், இருவர் பதிலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எடுக்கும் வகை). ரேண்டம் இன்டர்செப்ட் (தம்பதிக்குத் தம்பதி மாறும் அடிப்படை அளவு) மட்டும் போட்டால் இருவர் பதிலுக்கும் இடையிலான எதிர்மறைத் தொடர்பைக் காட்டாது, கவனம்.