‘முதுகுவலி, 15 நாள் ஓய்வு’ போதுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறிக்கிறார். போன மாதம் மழையில், மூட்டையோடு சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்தார். டாக்டர் ‘முதுகுவலி, 15 நாள் ஓய்வு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். ஆபீசில் இது சாதாரண நோய் விடுப்புதான் என்கிறார்கள். வேலையில் பட்ட அடி என்று மாற்றி எழுதி வாங்கலாமா?

பதில்: மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். பழைய தேதி போட்ட சான்றிதழ் விசாரணையில் நிற்காது. எழுதிய டாக்டருக்கும் வம்பு. முதல் நாள் ஓ.பி. சீட்டை வைத்து, இன்றைய தேதியில் விவரமான இன்னொரு சான்றிதழ் கேளுங்கள். சீட்டு தொலைந்துவிட்டதா? சிகிச்சைப் பதிவை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன.

“விழுந்ததை நான் பார்த்தேனா?” என்று டாக்டர் தயங்கலாம். நியாயம்தான். ஆனால் பார்த்ததாக அவர் எழுத வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்: ‘இன்ன தேதி காலை, தோட்டத்தில் இலை மூட்டையுடன் வழுக்கி விழுந்ததாக நோயாளி கூறுகிறார். இடுப்பின் வலப்பக்கம் கன்றல், குனிய முடியவில்லை, கால் மரத்துப்போகவில்லை. இக்காயம் அவ்வாறு விழுந்ததால் ஏற்பட்டிருக்கக்கூடியது. இன்ன தேதி வரை சரிவில் நடக்கவோ பாரம் தூக்கவோ இயலாது.’ சொன்னது, கண்டது, செய்ய முடியாதது மூன்றும் தனித்தனியாக வந்துவிட்டன. வேலையில் பட்ட அடிதானா என்று தீர்ப்புச் சொல்வது டாக்டரின் பொறுப்பல்ல.

முதல் சீட்டிலேயே விழுந்த கதை இல்லை என்றால் சான்றிதழின் பலம் குறையும். அப்போது யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று காட்டும் அன்றைய செக்ரோலும் (வருகைப் பதிவேடு), பக்கத்து நிரையில் பறித்தவர்களின் வாக்குமூலமும்தான் கைகொடுக்கும். ஆபீசுக்கு நடந்ததை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். மேஸ்திரியிடம் வாயால் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை!

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இல்லாத தோட்டமானால், வேலையில் பட்ட காயத்தால் 3 நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனாலே முதலாளி இழப்பீடு தர வேண்டும். கோரிக்கை மனுவுக்கு விபத்திலிருந்து 2 ஆண்டு அவகாசம். இதற்கு மாற்றுத்திறனாளி அட்டை வேண்டும், 40 சதவீதம் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கணக்கு அரசின் நலத்திட்டங்களுக்கு. இங்கே பார்ப்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதை.

அப்புறம், அம்மா வேலைக்குத் திரும்பும்போது தரும் சான்றிதழில் ‘லைட் டியூட்டி’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். சில தோட்டங்களில் அதற்கு அர்த்தம், அதே சரிவில் கொஞ்சம் சின்ன மூட்டை. எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, எந்தத் தேதி வரை என்று எண்ணாகவே எழுதி வாங்குங்கள்.