நான்கு வருடமாக அதே குடும்பங்கள்: உதவி எங்கே நிற்கிறது?

கேள்வி: நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து எங்கள் பகுதியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் நடத்துகிறோம். வருமானம் குறைந்த நாற்பது குடும்பங்களுக்கு மாதாமாதம் மளிகையும், பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகமும் கொடுக்கிறோம். நான்கு வருடமாக அதே குடும்பங்கள்தான் வருகின்றன. "என்ன மாறியிருக்கிறது?" என்று நன்கொடையாளர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பழைய குடும்பங்களை நிறுத்திவிட்டுப் புதியவர்களைச் சேர்க்கலாமா? பணமாகக் கொடுத்தால் வீணாகிவிடுமோ என்ற பயமும் எங்களுக்கு இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு யாரையும் நிறுத்தாதீர்கள். மளிகை ஒரு மாதச் செலவில் ஒரு பகுதியைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அடுத்த மாதமும் அதே வாடகை, அதே வட்டி, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத அதே கூலி என்றால் அந்தக் குடும்பம் உங்களிடம் வராமல் வேறு எங்கே போகும்? அவர்கள் திரும்பி வருவதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

நான் பார்த்தவரை, சிறிய தொண்டு நிறுவனத்தின் உண்மையான பலம் அதன் கையிருப்புப் பணத்தில் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஏற்கெனவே சேர வேண்டியது நிறைய இருக்கும்: அரசு உதவித்தொகை, கட்டணச் சலுகை, இலவச சிகிச்சை, முதலாளி கொடுக்காமல் வைத்திருக்கும் சம்பள பாக்கி. இதில் எது எது கைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசினீர்களா? பெரும்பாலும் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு சான்றிதழில் பெயரின் எழுத்து மாறியிருக்கும், வீடு மாறியதில் முகவரி பொருந்தாது, விண்ணப்பம் போட ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கும், நிராகரித்து வந்த கடிதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்றே தெரிந்திருக்காது. பிரிட்டனில் 1939-ல் போர் தொடங்கியபோது தன்னார்வலர்களை வைத்து ஆரம்பித்த சிட்டிசன்ஸ் அட்வைஸ் மையங்கள் கடன், வாடகை, அரசு உதவி என்று இந்த மாதிரி சிக்கல்களை அவிழ்க்கும் வேலையைத்தான் இன்றுவரை செய்துவருகின்றன. மளிகைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை நீங்கள் இதற்குக் கொடுத்தால் போதும், ஒரே வருடத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் படிவத்தைக் கையில் கொடுத்து "நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடாது. 2013-ல் வந்த ஒரு ஆய்வில் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளுக்கு, கையில் காசில்லாத அறுவடைக்கு முன்பும் காசு வந்த அறுவடைக்குப் பின்பும், கவனத்தையும் யோசிக்கும் திறனையும் சோதிக்கும் பயிற்சிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் அறுவடைக்கு முன்பு செய்ததில் மதிப்பெண் குறைவு. பணக்கவலையே மனதின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அதனால் கூடவே போங்கள். கூடப் போக முடியாவிட்டால், குறித்த தேதிக்கு முந்தின நாள் போன் செய்து ஞாபகப்படுத்துங்கள். விண்ணப்ப எண்ணை நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பணம் கைக்கு வருகிறவரை விடாமல் கேளுங்கள்.

அடுத்தது, அவசர நிதி. இதை நான் ரொம்ப அழுத்தமாகச் சொல்வேன். குடும்பங்கள் ஏன் வறுமையில் விழுகின்றன என்று இந்தியா, கென்யா, உகாண்டா, பெரு என்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கேட்டுப் பார்த்தவர் அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர். திரும்பத் திரும்ப அவருக்குக் கிடைத்த முதல் காரணம் நோயும் அதற்கான மருத்துவச் செலவும்தான். அந்த நேரத்தில் அதிக வட்டிக்கு வாங்குகிற கடன் பிறகு வருடக்கணக்கில் துரத்தும். நீங்கள் வருடம் முழுக்கக் கொடுக்கும் மளிகையைவிட, அந்த ஒரு வாரத்தில் கொடுக்கும் சிறு தொகை பெரியது. சிகாகோவில் வாடகை கட்ட முடியாமல் உதவி எண்ணுக்குப் போன் செய்தவர்களை ஒப்பிட்டு 2016-ல் ஒரு ஆய்வு வந்தது. நிதி இருந்த நாளில் போன் செய்தவர்கள், நிதி தீர்ந்திருந்த நாளில் போன் செய்தவர்களைவிட, வீடிழந்தோர் காப்பகத்துக்குப் போவது 76 சதவீதம் குறைவு. போன் செய்த நாள் ஒன்றுதான் வித்தியாசம்! உங்கள் வரவில் ஒரு பங்கை இதற்கென்று தனியாக ஒதுக்கி வையுங்கள், இரண்டு பேர் சம்மதித்தால் அன்றைக்கே கொடுக்கலாம் என்று விதி வையுங்கள். குழு கூடி முடிவெடுக்க இரண்டு வாரம் ஆகும் என்றால் அதற்குப் பெயர் அவசர நிதி இல்லை.

பணம் வீணாகுமா என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. பல நாடுகளில் பண உதவி பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2014-ல் பார்த்தார்கள். பணம் கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை, சில இடங்களில் குறைந்தே இருக்கிறது. வீட்டில் எது குறைகிறது என்று அந்த வீட்டை நடத்துகிறவருக்குத் தெரியும், மருந்து தேவைப்படும் வீட்டுக்கு நாம் மூன்றாவது நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் குறிப்பிட்ட ஒருவர் பணத்தைப் பிடுங்கிக்கொள்வார் என்று நிஜமாகவே தெரிந்தால், அந்த வீட்டுக்கு மட்டும் வாடகையை வீட்டுக்காரரிடமோ கட்டணத்தைப் பள்ளியிலோ நேரடியாகக் கட்டுங்கள். ஒரு வீட்டுக்காக மற்ற முப்பத்தொன்பது வீட்டையும் சந்தேகப்பட வேண்டாம்.

தொழில் வைத்துக் கொடுக்கலாமா என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். ஒரு தையல் மெஷினைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதானால் வேண்டாம். வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002-ல் தொடங்கிய திட்டத்தில், தொழிலுக்கான பொருளோடு பயிற்சி, கொஞ்ச காலத்துக்குச் சாப்பாட்டுச் செலவு, சேமிப்பு, அடிக்கடி வீட்டுக்கே வந்து பேசும் ஒரு ஆள் எல்லாம் சேர்ந்து இரண்டு வருடம் கிடைத்தன. அதே முறையை ஆறு நாடுகளில் சோதித்து 2015-ல் வெளியான முடிவில், திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. உங்களால் ஒரு வருடத்தில் மூன்று குடும்பங்களுக்குத்தான் இப்படிச் செய்ய முடியும் என்றால் மூன்றே மூன்றுக்குச் செய்யுங்கள்.

சரி, யாரைச் சேர்ப்பது? விதிகளை எழுதி எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டுங்கள், முகம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் கதையை ஒரே ஒருமுறை கேளுங்கள், மறைவாகக் கேளுங்கள், ஒவ்வொரு தன்னார்வலரும் புதிதாக வந்து கேட்டால் அவர்கள் கூனிக் குறுகிப்போவார்கள். உதவி பெறுகிறவர்களில் சிலரை உங்கள் நிர்வாகக் குழுவிலேயே உட்கார வையுங்கள். அமெரிக்காவில் 1964-ல் வந்த வறுமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் உருவான சமூக அமைப்புகளில், நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஏழைக் குடும்பங்களின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்பது விதி. எந்தப் பொருள் யாருக்கும் பயன்படவில்லை என்பதை அவர்கள் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

நன்கொடையாளர்களிடம் இனிமேல் எத்தனை பை கொடுத்தோம் என்று சொல்லாமல், எத்தனை விண்ணப்பம் போட்டு எத்தனை கிடைத்தது, அதனால் குடும்பங்களுக்கு வருடத்துக்கு எவ்வளவு வருகிறது, அவசர நிதியால் எத்தனை வீடு காலியாகாமல் நின்றது என்று எழுதிக் காட்டுங்கள். இன்னும் மளிகை தேவைப்படுகிற குடும்பங்கள் இருக்கும், முதியவர் தனியாக இருக்கும் வீடு, நடமாட முடியாதவர் இருக்கும் வீடு என்று. அவர்களுக்கு அது தொடரட்டும், அதை வெளிப்படையாகவே சொல்லுங்கள். பை வாங்குகிறவர்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் மட்டும், எவ்வளவு பெரிய நன்கொடையாளராக இருந்தாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.