400-இல் நிற்கும் டிரைவர் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,
கொரியாவில் செய்த 27 அங்குல மானிட்டர் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. 2560×1440 புள்ளிகள். டிவிஐ என்ற வீடியோ கேபிளில் 96 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 96 படம் வரை ஓடுகிறது. 120 போட்டால் என்விடியா கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஏற்கவில்லை. அந்த மென்பொருளைத் திருத்தி வரம்பை நீக்கும் 'பேட்ச்' செய்தால் முடியுமாம். செய்யலாமா? நான் காசு கொடுத்து வாங்கிய கார்டில் என்னைத் தடுக்க இவர்கள் யார்?
ம.

அன்புள்ள ம.,

கோபம் அப்புறம். முதலில் கணக்கு. நீங்கள் அதைப் போடவே இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது.

திரையில் தெரியும் புள்ளிகளோடு கணக்கு முடிவதில்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னும், ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கொஞ்சம் வெற்று நேரம் உண்டு. அதைக் குறைத்து வைத்தாலும் 2720×1481 வரும், அதாவது சுமார் 40.28 லட்சம். இதை நொடிக்கு எத்தனை படம் என்பதால் பெருக்கினால், 60 ஹெர்ட்ஸுக்கு 242 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 24.2 கோடி புள்ளிகள். 96-க்கு 387. 120-க்கு 483. டிரைவரின் வரம்பு 400. உங்கள் 96 ஏன் நுழைந்தது, 120 ஏன் நுழையவில்லை என்று புரிகிறதா? உங்கள் டிவிஐ கேபிளுக்குள் இரண்டு இணைப்புகள். வழக்கமான கணக்கில் ஒன்றுக்கு 165 மெகாஹெர்ட்ஸ், இரண்டுக்கும் சேர்த்து 330. நீங்கள் ஏற்கெனவே வேலி தாண்டித்தான் நிற்கிறீர்கள். இன்னொரு கார்டு நிறுவனமான ஏஎம்டியின் டிரைவர் 330-லேயே நிறுத்தியிருக்கும்.

1999-இல் ஓர் அச்சகத்தில் டைப்செட்டிங் செய்துகொண்டிருந்தேன். 60 ஹெர்ட்ஸில் துடிக்கும் 15 அங்குலக் கண்ணாடிக்குழாய் மானிட்டர். சாயங்காலம் கண்ணில் நீர் வடியும். லினக்ஸில் மோட்லைன் என்ற வரியில் இந்த எண்களைக் கையால் எழுத வேண்டும். தப்பான எண் மானிட்டரையே கெடுக்கும் என்று கையேட்டில் எச்சரிக்கை இருந்தது. படித்தும் 85-க்கு எழுதினேன். கீச்சென்று மெல்லிய சத்தம். படம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. 'டக்'. பிறகு கருகல் வாசனை. முதலாளி திட்டவில்லை, பல மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்.

அந்தக் கையேடு என்னைத் தடுக்கவில்லை, காரணத்தைச் சொன்னது. உங்கள் டிரைவர் தடுக்கிறது, காரணம் சொல்வதில்லை. என் சண்டை அதோடுதான். வரம்பு வைக்கட்டும், வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த 400 யாருக்காக, கார்டுக்கா, கேபிளுக்கா, மானிட்டருக்கா என்று ஒரு வரி எழுதினால் என்ன?

சரி, பேட்ச். டிரைவரைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மறுபடி செய்ய வேண்டியிருக்கும், அது சின்ன விஷயம். தடித்த, குட்டையான கேபிள் வாங்குங்கள். ஐந்தைந்து ஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். பச்சைக் கோடு வந்தாலோ நிறம் இருண்டாலோ இறங்கிவிடுங்கள்.

மானிட்டர் யார் காசில் வாங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா காசு என்றால் 96-லேயே விட்டுவிடுங்கள், தம்பி.