வேல்ஸில் உள்ள எர்திக் மாளிகை வெளியிலிருந்து சாதாரணமாகத் தெரிகிறதே, அதற்கு ஏன் இத்தனை மதிப்பு?

வெளித்தோற்றம் எளிமையானதுதான். ரெக்சம் நகருக்கு அருகே, 1680களில் ஜோஷுவா எடிஸ்பரி கட்டிய செங்கல் வீடு அது. கட்டிய கடனே அவரை மூழ்கடித்தது. அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர் எலிஹு யேல், பக்கத்துப் பண்ணைக் குடும்பத்துக்காரர். 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவரும் அவரே!

பிறகு லண்டன் வழக்கறிஞர் ஜான் மெல்லர் வாங்கி, இரு பக்கமும் கட்டடப் பகுதிகளைச் சேர்த்தார். 1733இல் அது அவருடைய சகோதரியின் மகன் சைமன் யார்க்குக்குப் போனது. 1770களில் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயட் மேற்கு முகப்புக்குக் கல் போர்த்தினார்.

ஆனால் என்னை நெகிழவைப்பது வேலைக்காரர் கூடம். தச்சர், சமையல்காரி, தோட்டக்காரர் என ஊழியர்களை ஓவியமாகவும், பின்னாளில் புகைப்படமாகவும் பதிந்து, அவர்களைப் பற்றிய பாடல் வரிகளையும் யார்க் குடும்பம் சேர்த்து வைத்தது. பிரபுக்களின் உருவங்கள் எந்த மாளிகையிலும் கிடைக்கும். பாத்திரம் துலக்கியவரின் முகம் எங்கே கிடைக்கும்?

20ஆம் நூற்றாண்டில் அடியிலிருந்த நிலக்கரிச் சுரங்கத்தால் வீடு சுமார் 5 அடி வரை தாழ்ந்தது, கூரை ஒழுகியது. மின்சாரம்கூட இல்லாமல் அங்கே வாழ்ந்த கடைசி உரிமையாளர் பிலிப் யார்க், 1973இல் அதைப் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தார். பழுதுபார்த்து, 1977இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.